மூன்றடிக்கு ஆறடி

மாமா 1991இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தபோது, ஊரில் நிமோனியா என்று சொல்லிவிட்டார்கள். பொய்யில்லை, ஆனால் பாதிதான். எய்ட்ஸ் என்ற சொல் அம்மா வாயிலிருந்து வந்ததே போன வருடம்தான். நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்து ஆறு வருடம் கழித்து.

இங்கே எய்ட்ஸ் நினைவுப் போர்வை என்று ஒன்று உண்டு. எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர்களைத் துணித் துண்டுகளில் தைத்து, அவற்றை ஒன்றாக இணைத்தது. அதில் அவர் பெயரையும் சேர்க்க நினைத்தேன். 1985 நவம்பரில், சுட்டுக் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பாளர் தலைவர் ஹார்வி மில்க்கின் நினைவு ஊர்வலத்தின்போது, எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி ஒரு அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டினார்கள். அது ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி தெரியவே, செயற்பாட்டாளர் கிளீவ் ஜோன்ஸுக்கு இந்த யோசனை வந்தது. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள். இன்று சுமார் 50,000.

அளவில் கறார்: 3 அடிக்கு 6 அடி. ஒரு சவக்குழியின் அளவு. எரித்தே பழகிய குடும்பம் எங்களுடையது. இதைக் கேட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஓரம் மடிக்கச் சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விட வேண்டும். மாமாவின் வேட்டியைச் சரியாக ஆறடிக்கு வெட்டிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது! மிச்சத் துண்டிலிருந்து கரையைக் கிழித்து ஒட்டுக் கொடுத்துச் சமாளித்தேன். வேட்டி மெலிசு என்பதால் அடியில் கான்வாஸ். எழுத்துகளைப் பசையில் ஒட்டலாமென்று பார்த்தேன். கூடாது, மடித்து விரித்து மடித்து விரித்து நாளடைவில் பசை விட்டுவிடும். பெயரில் ஒரு ழ வேறு. அந்தச் சுழியைத் தைக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

முழுப் பெயர் கட்டாயமில்லை, தலைப்பெழுத்து மட்டும் போட்டவர்களும் உண்டு. அம்மா முதலில் அதைத்தான் கேட்டாள். நானும் சரி என்றேன். ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "முழுசாவே போடு. இனிஷியலையும் போடு, இல்லன்னா அவனுக்குக் கோபம் வரும்."

துணியோடு அவரைப் பற்றி ஒரு கடிதமும் வைக்கலாம். அம்மா போனில் சொல்லச் சொல்ல எழுதினேன். கேரம் போர்டில் மாமா அழுகுணி ஆட்டம் ஆடுவாராம். "அதையும் எழுது," என்றாள்.

அனுப்பியாயிற்று. எட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் பன்னிரண்டடிச் சதுரமாகத் தைப்பார்கள். அதற்கு இன்னும் நாளாகும். அம்மா இப்போது வாரம் தவறாமல் ஒன்றுதான் கேட்கிறாள்: "பக்கத்துல யாரு வர்றாங்கன்னு தெரிஞ்சுதா?"