கத்திரி வெயிலும் பாரிட்டோனும்

2025 மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். வேலூர் சத்துவாச்சாரியில் மாப்பிள்ளை அழைப்பு. தெருவில் பேண்டோடு என் பாரிட்டோன் சாக்ஸஃபோனை ஊதும்போது ஒன்றும் தெரியவில்லை, டிரம்பெட்டும் டிரம்மும் எல்லாவற்றையும் மூடிவிடும். ஏசி இல்லாத மண்டபம். மேடையேறி கீபோர்டோடு சேர்ந்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. அடி சுரமான பி ஃபிளாட் ஓரளவு நிற்கிறது, மேல் ஆக்டேவுக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்குப் போனால் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. சுருதி இறங்கட்டும் என்று மௌத்பீஸை, வாயில் வைத்து ஊதும் முனையை, வெளியே இழுத்தேன். இன்னும் கொஞ்சம். அது செருகியிருக்கும் கார்க்கின் விளிம்பில் தொற்றிக்கொண்டு ஆடுகிறது, இனி இழுத்தால் கையோடு வந்துவிடும். பேண்ட் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மே 5, திங்கள்

ஆஸ்பத்திரியில் அக்காவின் ரிப்போர்ட் வியாழக்கிழமைதானாம்.

மே 6, செவ்வாய்

தூக்கம் இல்லை. மொட்டை மாடியில் டார்ச் அடித்து மௌத்பீஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியத்தோடு வந்த மெட்டல் மௌத்பீஸ், பெயர் எதுவும் இல்லை. நுனியைத் தாண்டியதும் தரை மேடாக எழும்பி நிற்கிறது, இதைத்தான் பேஃபிள் என்கிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் உள்ளறை, சேம்பர், குறுகல். காற்று இடுக்கில் வேகமாகப் பாயும், ஓசை கூர்மையாக வரும். தெருவுக்கு அதுதான் வசதி.

ஆனால் சுருதி வேறு கணக்கு. சாக்ஸின் உடம்பு ஒரு கூம்பு, அதன் கூர்முனையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் மௌத்பீஸைச் செருகுகிறோம். வெட்டிய முனைக்குள் எவ்வளவு காற்று இருந்திருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு காற்று மௌத்பீஸுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் கீழ் ஆக்டேவுக்கும் மேல் ஆக்டேவுக்கும் நடுவே இடைவெளி அகன்றுவிடும். உதட்டைத் தளர்த்திச் சமாளிக்கலாம் என்பார்கள். ஒரு பாட்டுக்குச் சமாளிக்கலாம், மூன்று மணி நேரத்துக்கு எந்த உதடு தாங்கும்?

என் வாத்தியம் பழசு. பி ஃபிளாட்டோடு முடிகிறது, அதற்கும் கீழே உள்ள லோ ஏ கிடையாது. விரிந்த வாயான பெல்லில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. இது செய்யப்பட்ட காலத்தில் மௌத்பீஸ்களின் வயிறு பெரிதாக இருந்திருக்கும். அதன் தலையில் இந்த ஒல்லியை மாட்டிவிட்டு சுருதி சேரவில்லை என்று அழுகிறோம்.

அக்கா படியேறி வந்து நின்றாள். "இன்னாடா, இன்னும் அந்த ஓட்டையத்தான் பாத்துனு கீறியா? போய்ப் படு."

அவளும்தான் தூங்கவில்லை.

மே 8, வியாழன்

இன்று இல்லையாம். திங்கள்.

மே 9, வெள்ளி

பாகாயம் மெடிக்கல் ஷாப்பில் அக்காவின் மாத்திரையோடு ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்றும் வாங்கினேன். கடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை.

ஒவ்வொரு மௌத்பீஸையும் சாக்ஸின் நெக்கில் மாட்டி, மாடியில் சுருதி காட்டும் ட்யூனரோடு சேரும் இடத்தில் கார்க்கின் மேல் பென்சிலால் கோடு போடப் பார்த்தேன். அப்புறம் கழற்றி, ஊதினால் அதிரும் நாணல் பட்டையான ரீடு, பழசு ஒன்றை வைத்து, அதைப் பிடிக்கும் லிகேச்சரை முறுக்கி, நுனியையும் ஓரத்தையும் மெழுகால் அடைத்தேன். தலைகீழாகப் பிடித்து, கார்க் உள்ளே எதுவரை வருமோ அதுவரை சிரிஞ்சால் தண்ணீர் விட்டேன். மெட்டலை விட, மாஸ்டர் கடன் கொடுத்த யமஹா 5சி மௌத்பீஸில் இரண்டு மில்லிக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கிறது. கோடு போட்ட இடத்தில் இரண்டும் ஒரே அளவாக இருந்திருக்க வேண்டும். மெட்டலுக்குக் கோடு போடவே கார்க் மிஞ்சவில்லை என்பதுதான் விஷயம்.

அக்கா தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மே 10, சனி

சென்னை நண்பர் தன் செல்மர் எஸ்80 சி ஸ்டார் மௌத்பீஸை ஒருவர் கையில் ரயிலில் கொடுத்தனுப்பினார். காட்பாடியில் போய் வாங்கி வந்தேன். எபோனைட், கெட்டி ரப்பர். உள்ளே எட்டிப் பார்த்தால் சேம்பர் சதுரமாக இருக்கிறது. சுருதி பிடித்த இடத்தில் நிற்கிறது, மேல் ஆக்டேவும் அடக்கமாக வருகிறது. மௌத்பீஸை மட்டும் தனியாக ஊதினால் ஆல்டோ சாக்ஸுக்கு ஏ சுரம், டெனருக்கு ஜி, பாரிட்டோனுக்கு டி வர வேண்டும் என்று வாத்தியார்கள் சொல்லிக் கொடுப்பார்கள். இதில் டி அலுங்காமல் வந்தது. மெட்டலில் அதற்கு மேலே எங்கோ கத்துகிறது, கீழே கொண்டுவர உதட்டை அவிழ்த்தே விட வேண்டும்.

அறைக்குள் கேட்க அவ்வளவு அழகு. ஆனால் என் வேலை அறைக்குள் இல்லையே. நுனியில் திறப்பு நெருக்கம், ஓங்கி ஊதினால் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. நண்பருக்கு போன் செய்தேன், "அது நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறவங்களுக்குப்பா" என்றார்.

மே 12, திங்கள்

அக்காவின் பரிசோதனை ஸ்லைடை இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் வழக்கம்தான் என்கிறார்கள். வழக்கம் என்றால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை? அக்கா எதுவும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். ஊது வாத்தியத்துக்கு அது 3 சென்ட் ஏற்றம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவே 100 சென்ட்). 24 டிகிரி ஏசி அறையில் சேர்த்த வாத்தியத்தை 38 டிகிரித் தெருவுக்குக் கொண்டுவந்தால் 42 சென்ட், கிட்டத்தட்ட அரைக் கட்டை. உள்ளே போகிற மூச்சு எப்படியும் சூடுதான் என்பதால் முழுக் கணக்கும் வராது, பாதி வந்தாலே போதும் மானத்தை வாங்க. கீபோர்டுக்கு வெயில் கிடையாது, ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்றால் 440. கீபோர்டு தம்பியிடம் கொஞ்சம் ஏற்றி வையேன் என்று கேட்டால், பென் டிரைவில் இருக்கும் டிராக்கை என்ன செய்வது அண்ணா என்கிறான். நியாயம்தான்.

ஆக எனக்கு வேண்டியது இழுக்க இடம் விடும் மௌத்பீஸ். வெளியே இழுக்க இழுக்க மேல் சுரங்கள் அதிகமாகவும் அடி சுரங்கள் குறைவாகவும் இறங்கும், குட்டையான குழாயில் அதே நீளம் பெரிய பங்கு என்பதால். ஏறுவதும் மேல்தான், இறங்க வேண்டியதும் மேல்தான். சேம்பர் பெரிதாக இருந்தால் கார்க்கின் நடுவிலேயே சேர்ந்துவிடும், வெயிலுக்கென்று மீதி இருக்கும்.

மே 14, புதன்

சாயங்காலம் நல்ல மழை. அதே மெட்டலை எடுத்து ஊதினேன், முக்கால்வாசி சரியாக இருக்கிறது. எரிச்சல்.

மே 15, வியாழன்

அக்கா இட்லி இரண்டு சாப்பிட்டாள். மாமா குடியாத்தத்திலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார், என்ன சொல்வது?

மே 17, சனி

ஓட்டோ லிங்க் எபோனைட் மௌத்பீஸ், நுனித் திறப்பு 7 ஸ்டார். ஆர்டர் போட்டாயிற்று. சேம்பர் வட்டமாக, பெரிதாக இருக்கும். மெட்டலின் கூர்மை இதில் வராது. மாஸ்டர் எதிர்ப்பு. "தெருவுல உன் சத்தம் கேக்கலன்னா இன்னாத்துக்கு நீ?" என்கிறார். கேட்கிற தப்பு சுருதியை விட கேட்காத சரியான சுருதி மேல் என்று சொல்ல நினைத்தேன், சம்பளம் தருகிறவரிடம் எதற்கு? ஆனால் அதுதான் என் எண்ணம். அடியில் நிற்கிறவன் விலகினால் மேலே உள்ள நாலு பேரும் விலகின மாதிரித்தான் கேட்கும். சத்தத்துக்கு மைக் இருக்கிறது, சுருதிக்கு என்ன இருக்கிறது?

அக்காவைக் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, உள்ளேயே இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச் பக்கம் நிழலில் உட்கார்ந்தோம். 1846இல் கட்டியது. அடால்ஃப் சாக்ஸ் இந்த வாத்தியத்துக்கு பாரிஸில் காப்புரிமை வாங்கியதும் அதே வருஷம்தான். அக்காவிடம் சொன்னேன். "அதுக்கு?" என்றாள்.

மே 19, திங்கள்

இரண்டாவது டாக்டர் லீவாம்.

மே 20, செவ்வாய்

லிங்க் வந்துவிட்டது. பெட்டியைக் கிழித்தவுடன் ரப்பர் வாசம். வெயிலில் வைக்கக் கூடாது, எபோனைட் பச்சை பாய்ந்துவிடும்.

கெட்டியான மூன்றாம் நம்பர் ரீடு போட்டேன், மூச்சு முட்டியது. நுனியில் திறப்பு அகலம். இரண்டரைக்கு இறங்கியதும் பேசத் தொடங்கிவிட்டது. அடி பி ஃபிளாட் நெஞ்சில் வந்து இடிக்கிறது. மதியம் இரண்டு மணி, மாடி, கால் வைக்க முடியாத தரை. வேண்டுமென்றே அங்கேதான் ஊதினேன். ட்யூனரோடு சேர்ந்தபோது கார்க்கில் ஒரு விரல் அகலம் மிச்சம். மேல் ஆக்டேவில் ஏழெட்டு சென்ட் ஏற்றம், அதை உதடே பார்த்துக்கொள்ளும். நடு டி மட்டும் இன்னும் மந்தம், அது மௌத்பீஸ் குற்றம் இல்லை, வாத்தியத்தின் பிறவிக் குணம். கூர்மை குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. வியாழன் முகூர்த்தத்துக்கு இதைத்தான் எடுத்துப் போகிறேன், மாஸ்டர் என்ன சொன்னாலும்.

கீழிருந்து அக்கா கூப்பிடுகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன், நாளை காலை எட்டரைக்கு இரண்டு பேரும் வரச் சொல்கிறார்களாம். இரண்டு பேரும் என்றால்