ஒரு டிக்கெட் கூடுதல்

என் மாமனார் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் மலைப்பாதையிலேயே போயிற்று. தேனி–குமுளி, போடி–மூணாறு. அப்படிப்பட்டவரை எந்த வண்டியில் ஏற்றினாலும் பயணியாக மட்டும் உட்கார வைக்க முடியாது. சென்னையில் விமானம் கிளம்புமுன் பணிப்பெண் கையில் இருந்த கருவியை அமுக்கியபடி தலை எண்ணிக்கொண்டு போனார். இவரும் கழுத்தை நீட்டி எண்ணினார். "சரியாத்தான் இருக்கு மாப்ள" என்று சொன்ன பிறகுதான் பெல்ட்டையே போட்டார்.

காலாண்டு விடுமுறைக்குத் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போயிருந்தோம். நான், மனைவி, மகள், மாமா, அத்தை. அக்டோபர் தொடக்கத்தில் அங்கே அறை வாடகை மலிவு. மே மாதம் வந்த பருவக்காற்று அந்தமான் கடலை விட்டு முழுசாகக் கிளம்பியிருக்காது, அதனால்தான் மலிவு. பக்கத்து ஃபி ஃபி தீவுகளில் இருக்கும் மாயா பே கடற்கரையை ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதம் மூடி வைத்து அக்டோபர் 1-ஆம் தேதி திறப்பார்கள். சீசன் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிடலாம் என்று அந்தத் தீவுகளுக்கு ஒரு முழுநாள் ஸ்பீடு போட் பயணம் பதிவு செய்தேன்.

படகுத்துறையில் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டார்கள். செருப்பையெல்லாம் பெரிய கூடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். படகில் வெறுங்கால்தானாம். "டோக்கன் தரலையே?" என்றார் மாமா. மேசையில் டீ, பிஸ்கட், பக்கத்திலேயே வாந்தி மாத்திரை. கைடு ஒரு சின்னப் பையன். எங்களைப் பார்த்ததும் கைகூப்பி "நமஸ்தே! சலோ, சலோ!" என்றான். மாமா என் காதில், "நமக்கு இந்தி தெரியும்னு இவனுக்கு யாரு சொன்னது?" என்றார்.

படகில் ஏறியதும் மாமா நேராக முன்பக்கம் போனார். "பின்சீட்டு தூக்கிப் போடும் மாப்ள. எல்லாரையும் முன்னாடி வரச் சொல்லுங்க." பேருந்தில் அது சரி. இந்தப் படகில் மூன்று இன்ஜினும் கேப்டனும் பின்னால் இருந்தார்கள். அலையில் எழும்பி விழுவது முன்பக்கம்தான். அதைக் கைடு சொல்லிப் பார்த்தான். முப்பது வருஷ சர்வீஸிடம் எடுபடவில்லை. படகின் முனையில் பல வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருந்தன. மாமா வசதியாக அங்கே காலைத் தூக்கி வைக்கப் போனார். கைடு பாய்ந்து வந்து தடுத்தான். அங்கே மே யா நாங் குடியிருக்கிறாளாம். படகைக் காக்கும் தாய். அவள் இருக்கும் இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். கால் தானாக உள்ளே வந்தது.

கரை மறையும்வரை சுகம். அதன் பிறகு படகு அலையின் உச்சியில் ஏறி, ஒரு நொடி அந்தரத்தில் நின்று, தடால் என்று விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு தடாலுக்கும் முன்வரிசை மொத்தமும் சீட்டை விட்டு எழும்பி உட்கார்ந்தது. "ஸ்பீடு பிரேக்கர்ல கூட ஸ்லோ பண்ண மாட்டானா?" என்று மாமா பின்னால் திரும்பிக் கேப்டனை முறைத்தார்.

எங்களுக்கு எதிரே ஒரு ரஷ்யக் குடும்பம். அப்பாக்காரன் தோளிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருந்தான், ஜிம் உடம்பு. முதலில் சரிந்தது அவன்தான். கைடு கறுப்புப் பையைத் தேடி ஓட, மாமாவோ எழுந்துவிட்டார். குமுளி மலையில் மூன்று தலைமுறை வாந்தியைப் பார்த்தவர் அவர். அத்தையின் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அவன் மூக்கில் வைத்தார். தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "கீழ பாக்காத. தூரமா பாரு. தூரமா!" என்று அடிவானத்தைக் காட்டினார். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பார்த்தான். அடங்கிவிட்டது. பிறகு அந்த எலுமிச்சம்பழத்தை அவன் மாலை வரை கீழே வைக்கவில்லை.

மாயா பேக்குள் இப்போது படகு போக முடியாது. தீவின் பின்பக்கம் லோ சமா என்ற சின்ன விரிகுடாவில் மிதவைத் துறையில் இறங்கி, மரப்பலகை பாதையில் நடந்து மறுபக்கம் வர வேண்டும். 1999-இல் ஒரு ஹாலிவுட் படத்தை இங்கே எடுத்தார்கள். படம் வந்த பிறகு உலகமே இங்கே வந்து இறங்கியது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை மிதித்ததில் பவளப்பாறைகள் பாழாகி, 2018 ஜூனில் கடற்கரையையே மூடிவிட்டார்கள். திறந்தது 2022 ஜனவரியில். இப்போது முழங்கால் ஆழம் வரைதான் தண்ணீரில் இறங்கலாம், நீந்தக் கூடாது. மூன்று பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். சொல்லி முடியாத அழகு.

மாமாவுக்குக் கவலை வேறு. தேசியப் பூங்காக் கட்டணம் வெளிநாட்டுக்காரர்களுக்கு 400 பாட், ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். தாய்லாந்துக்காரர்களுக்கு 40. பத்து மடங்கு வித்தியாசத்தை அவர் பொறுத்துக்கொண்டார். டிக்கெட்டைக் கையில் தராததைத்தான் பொறுக்க முடியவில்லை. கைடு எல்லோருக்கும் மொத்தமாக வாங்கி அவனிடமே வைத்திருந்தான்.

"நடுவுல செக்கிங் ஏறினா என்ன பண்ணுவீக?"

"இங்கே செக்கிங் எல்லாம் கிடையாது மாமா."

"கிடையாதுன்னு நினைக்கிற அன்னைக்குத்தான் ஏறுவான்."

அந்த நேரம் பார்த்து மகள் முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனாள். கரையில் நின்ற காவலர் ஒரு விசில் அடித்தார். மாமா இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து. உடம்பில் ஊறியது.

ஸ்நார்க்கெல் செய்யும், அதாவது குப்புற மிதந்தபடி கடலுக்கடியில் பார்க்கும் இடம் வந்ததும் லைஃப் ஜாக்கெட்டும் கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் கொடுத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டே அவருக்கு அவமானம். எத்தனை கிணற்றில் தலைகீழாகக் குதித்தவர்! "குழந்தைக்குக் கட்டுறதை எனக்குக் கட்டுறான்" என்று சொல்லிக்கொண்டே கட்டிக்கொண்டார். சட்டென்று முகம் மாறியது. ஜாக்கெட்டின் தோளில் ஒரு சின்ன ஆரஞ்சு விசில் நூலில் தொங்கியது. ஆபத்துக்கு ஊதுவதற்கு. அவர் அதைக் கையில் எடுத்துத் துடைத்து, சட்டைப் பையில் வைப்பதுபோல் ஜாக்கெட்டின் மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

தண்ணீரில் இறங்கிய அடுத்த நொடி முகமூடி நிறைந்துவிட்டது. வெளியே வந்து கொட்டிவிட்டு மறுபடி இறங்கினார். மறுபடி நிறைந்தது. "கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்காது மாப்ள" என்று காறித் துப்பினார். பட்டையைக் கைடு இறுக்கிப் பார்த்தான், வேறு முகமூடி மாற்றிப் பார்த்தான். கடைசியில் கோளாறு எங்கே என்று அவனே கண்டுபிடித்தான். மாமாவின் மீசை. முகமூடியின் சிலிக்கான் ஓரம் மேலுதட்டில் தோலோடு ஒட்டினால்தான் காற்றுப் புகாமல் பிடிக்கும். இவர் மீசை அந்த ஓரத்துக்கு அடியில் வரிசையாக வாய்க்கால் வெட்டிவிட்டிருந்தது.

கைடு சிரித்துக்கொண்டே மேலுதட்டில் விரலை வைத்துச் சவரம் செய்கிற மாதிரி சைகை காட்டினான். எங்கள் வரிசை மொத்தமும் உறைந்துபோனது. அந்த மீசை என் கல்யாணத்துக்குக்கூட மையைத் தவிர வேறெதையும் அனுமதித்ததில்லை. கைடு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சைகையைக் கைவிட்டு, கேப்டன் பக்கத்து அறையிலிருந்து வாசலைன் டப்பாவை எடுத்து வந்தான். பாதி காலியாக இருந்தது. மீசைக்காரர்கள் நிறையப் பேர் வந்து போயிருப்பார்கள் போல. ஒரு விரல் எடுத்துத் தடவிப் படியவைத்ததும் தண்ணீர் நின்றுவிட்டது.

அதன் பிறகு மாமாவைக் காணோம். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட மீன்கள் கூட்டமாக முகத்தருகே வந்து பார்த்துவிட்டுப் போயின. கீழே கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் காதில் கேட்டது, யாரோ பக்கத்தில் பொரிகடலை மெல்லும் சத்தம். கறுப்பு முள்ளாக விரிந்திருந்த கடல் முள்ளெலிகள் மேல் கால் படாமல் மிதக்க வேண்டும். மாமா அசையாமல் குப்புற மிதந்தார். நான் பயந்துபோய்த் தோளைத் தட்டினேன். குழாயைக் கழற்றிவிட்டு, "ஸ்டாண்டிங்கே முன்னூறு இருக்கும் மாப்ள" என்றார்.

பிலே லகூனையும் வைக்கிங் குகையையும் படகிலிருந்தபடியே பார்த்தோம். குகைக்குள் மூங்கில் சாரம் கட்டி உழவாரக் குருவிகளின் கூட்டை எடுக்கிறார்கள். குருவியின் எச்சிலால் ஆன கூடு, சீனர்கள் சூப் வைப்பார்கள் என்றதும் அத்தை அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அன்று புரட்டாசி சனிக்கிழமை என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஃபி ஃபி டோன் தீவில் மதியச் சாப்பாடு: கோழி, மீன், இறால், எது காய் என்று சந்தேகப்படும்படியான ஒரு குழம்பு. ஆனால் அத்தைக்கு அதிர்ஷ்டம். அது புக்கெட்டில் சைவத் திருவிழா வாரம். சீனக் கணக்கில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள். கறி, மீன், முட்டை, பால் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. பக்தர்கள் அலகு குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள், தீ மிதிப்பார்கள். கைடின் அம்மாவும் விரதமாம். அத்தை ஜாடையில் கேட்பதற்குள் புரிந்துகொண்டு சமையலறைக்குள் போய் "ஜே, ஜே" என்று ஏதோ சொன்னான். டோஃபுவும் காளானும் முட்டைக்கோசும் தனியாக வந்தன. "நல்ல குடும்பத்துப் புள்ள" என்று சான்றிதழ் கொடுத்தார் அத்தை.

கடைசி நிறுத்தம் மூங்கில் தீவு. மாவு மாதிரி வெள்ளை மணல். அத்தை முட்டிவலிக்கு நல்லது என்று இரண்டு காலையும் மணலில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த மணலில் பெரும்பங்கு கிளிமீன் தின்ற பவளம், அரைபட்டுப் பின்வழியாக வெளியே வந்தது என்று கைடு உற்சாகமாக விளக்கினான். நான் மொழிபெயர்த்தேன். அத்தை மெதுவாகக் காலை வெளியே எடுத்து, சுடிதாரைத் தட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பும் நேரம். கரையில் ஒரே மாதிரி வெள்ளைப் படகுகள் வரிசையாக நின்றன. எல்லோரும் ஏறியதும் கைடு மேலோட்டமாக எண்ணி, "ஓகே, ஓகே" என்றான். மாமா பின்வரிசையிலிருந்து கம்பியை விரலால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு வந்தார். முன்னால் வந்து நின்று யோசித்தார். திரும்பவும் எண்ணினார். இன்ஜின் உறுமிப் படகு நகர ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த விசில் வெளியே வந்தது. ஒரே ஒரு விசில், நீளமாக. கேப்டன் பயந்துபோய் இன்ஜினைத் தணித்தார்.

"காலையில 36. இப்ப 37. ஒரு டிக்கெட் கூடுதல்."

"யாராவது குறைந்தால்தானே மாமா கவலை? கூடினால் என்ன?"

"அப்ப வேற ஏதோ வண்டியில ஒண்ணு குறையுதுல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. மாமா வரிசையாக ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் ஆரஞ்சு. எங்களுக்குப் பின்னால், தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கையில் மட்டும் பச்சை. எழுப்பினோம். குஜராத்தி தாத்தா. இந்திய முகங்களைப் பார்த்ததும் தன் கூட்டம் என்று நினைத்து ஏறியிருக்கிறார். கைடு தலையில் கைவைத்துக்கொண்டு கரைக்குக் குதித்து ஓடினான். நான்கு படகு தள்ளி அவருடைய படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அதில் அவர் மனைவி யாருக்கோ தேப்லா ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார், கணவரைத் தேடிய அறிகுறியே இல்லை. தாத்தாவை ஏற்றிவிட்டதும், அந்த அம்மா தன் தொப்பியைக் கழற்றி அவர் தோளில் நாலு போடு போட்டது இங்கே வரை தெரிந்தது.

கைடு மூச்சிரைக்கத் திரும்பி வந்து மாமாவைக் கும்பிட்டான். மாமா தலையை லேசாக அசைத்துவிட்டு இரண்டு விசில் கொடுத்து, "ரைட்... ரைட்!" என்று குரல் கொடுத்தார். ரஷ்யக் குடும்பம் மொத்தமும் வலப்பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தது.

புக்கெட் கரை தெரிந்ததும் கைடு டிப்ஸ் பெட்டியை எடுத்தான். அலையில் தடுமாறிக்கொண்டு வருவதைப் பார்த்த மாமா, "இங்க கொடு தம்பி" என்று வாங்கிக்கொண்டார். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பது அவருக்குப் பழக்கம். இடுப்பில் பெட்டியை அணைத்தபடி வரிசை வரிசையாக வந்தார். யாரும் தப்ப முடியவில்லை. தூங்குகிற மாதிரி நடித்த ஒரு ஜோடியைக்கூடக் கம்பியைத் தட்டி எழுப்பிவிட்டார். ரஷ்யாக்காரன் ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடு மறு கையால் ஆயிரம் பாட் நோட்டை நீட்டி, ஐந்நூறு திருப்பித் தரும்படி விரலை விரித்துக் காட்டினான்.

மாமா நோட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பெட்டிக்குள் போட்டார்.

"சில்லறை இல்ல. இறங்கும்போது ஞாபகப்படுத்தி வாங்கிக்க."