மரம் வெட்டக் கற்றுக்கொடுக்கும் சுற்றுச்சூழல் பள்ளி

"கோடை விடுமுறையில் என்ன பண்ணினே?" என்று அக்கா மகளிடம் கேட்டேன். "எந்தெந்த மரத்தை வெட்டணும்னு பெயின்ட் அடிச்சு குறி போட்டேன் மாமா" என்றாள். அவள் படிப்பது யேல் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பள்ளியில். சுற்றுச்சூழல் என்றால் மரம் நடுவது என்று நினைத்துப் பழகியவனுக்கு இந்தப் பதில் கொஞ்சம் இடித்தது. நேரில் பார்த்துவிடலாம் என்று அக்டோபரில் கிளம்பிப் போனேன்.

பள்ளி இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், பிராஸ்பெக்ட் தெருவில். முதலில் அவள் கூட்டிப்போன இடம் க்ரூன் ஹால். பழைய மின் நிலையம் இருந்த மனையில் எழுப்பி 2009-இல் திறந்த கட்டடம். கிழக்கு மேற்காக ஒடுக்கமாக நீண்டிருக்கிறது; தெற்கு முகத்தில் விழும் குளிர்கால வெயில் வீணாகக் கூடாது என்பது கணக்கு. கூரையில் சூரியத் தகடுகள், தரைக்குள் ஆழ்துளைக் குழாய்கள். அவை கோடையில் கட்டடத்தின் சூட்டைப் பூமிக்குள் இறக்கி, குளிர்காலத்தில் பூமியின் சூட்டை மேலே கொண்டு வருகின்றன. வெளியே காற்று இதமாக இருந்தால் உள்ளே பச்சை விளக்கு எரியும், ஜன்னலைத் திறக்கலாம். சிவப்பு எரிந்தால் மூட வேண்டும். "எல்லாரும் கேட்கிறாங்களா?" என்றேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டாள்.

எனக்குப் பிடித்தது சுவர்தான். உள்ளே பதித்திருக்கும் சிவப்பு ஓக் பலகைகளில் பாதி, பள்ளியின் சொந்தக் காட்டில் வெட்டியது. தங்கள் காட்டு மரத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் காட்டைப் பற்றிப் படிக்கிறார்கள்.

மூன்றாம் மாடியில், வளைந்த மரக்கூரைக்குக் கீழே, மாணவர்கள் கூடும் இடம். ஆளுக்கொரு சொந்தக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். பலர் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்: ஒருவர் தன் நாட்டுத் தூதரகத்தில், ஒருவர் மீன்வளத் துறையில், ஒருவர் வங்கியில். அதனால் வாதம் சூடாகவே இருக்கிறது. கரியமில வாயு வெளியிடும் உரிமையை விற்று வாங்கும் கரியமிலச் சந்தை உருப்படுமா என்று ஒரு மேஜையில் சண்டை. பக்கத்து மேஜையில் ஒரு பேராசிரியர் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகியபடி, காலையில் காட்டில் இருந்த கோலத்திலேயே, ஆய்வு மாணவியின் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அவரை யாரும் பட்டம் சேர்த்து அழைக்கவில்லை, பெயர் சொல்லித்தான். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இந்தப் பள்ளியின் வேரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1900-இல் அமெரிக்க வனவியலாளர் கிஃபோர்ட் பின்ஷோவின் குடும்பம் கொடுத்த பணத்தில், வனவியல் பள்ளியாகத் தொடங்கியது இது. பின்ஷோ இளைஞராக ஐரோப்பா போனபோது வழிகாட்டியவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். பிராண்டிஸ் பர்மாவில் தேக்குக் காடுகளைப் பார்த்துக்கொண்டு, பிறகு 1864-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத் தலைமை அதிகாரி ஆனவர். ஆக, தேக்குக் காட்டில் பழகிய கணக்கு அந்த ஜெர்மானியர் வழியாக அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. வெள்ளைக்காரன் நம் காட்டை எதற்கு அளந்தான் என்பது வேறு கதை. அந்தக் கதையும் இங்கே வகுப்பில் பேசப்படுகிறதாம். 2020-இல் பள்ளியின் பெயரிலிருந்து 'வனவியல்' விழுந்து 'சுற்றுச்சூழல்' மட்டும் நின்றது. அதே சமயம் உள்ளுக்குள்ளேயே வனப் பள்ளி என்று தனியாக ஒன்றையும் வைத்துக்கொண்டார்கள். விட மனசு வரவில்லை போலும்.

மறுநாள் காட்டுக்குப் போனோம். யேல்-மையர்ஸ் காடு, மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் 7,840 ஏக்கர். ஆரம்ப காலத்தில் இங்கே படித்த ஜார்ஜ் ஹியூவிட் மையர்ஸ் என்பவர் 1930-களில் கொடுத்தது. நடக்க நடக்க, காட்டுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் கல் சுவர்கள் குறுக்கே வந்துகொண்டே இருந்தன. மரத்துக்கு எதற்கு வேலி? "இதெல்லாம் ஒரு காலத்துல ஆடு மேய்ஞ்ச வயல் மாமா" என்றாள். விவசாயிகள் நிலத்தைக் கைவிட்டு மேற்கே போக, வெறும் வயலில் பைன் முளைத்தது. பைனை வெட்டிய இடத்தில் ஓக்கும் மேப்பிளும் எழுந்தன. 1938-இல் வந்த பெரும் புயல் நியூ இங்கிலாந்து முழுக்க மரங்களைச் சாய்த்துப்போட்டது. ஆதிகாலக் காடு என்று நான் நினைத்துக்கொண்டு வந்தது, ஆள் கைவைத்து, விட்டு, மறுபடி கைவைத்து வந்த காடு.

ஒரு மெல்லிய குச்சியை ஒடித்து, பட்டையை நகத்தால் சுரண்டி என் மூக்கருகே நீட்டினாள். முட்டிவலித் தைலத்தின் வாசனை! கறுப்பு பிர்ச் மரமாம். தைலத்தில் போடும் அதே மெத்தில் சாலிசிலேட் அதன் பட்டையில் இருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் ஆகஸ்டில் புது மாணவர்களை இப்படித்தான் காட்டில் விடுகிறார்கள். இலை, பட்டை, வாசனை வைத்து மரத்தைச் சொல்ல வேண்டும். நிலத்தை அளக்க வேண்டும். நெஞ்சுயரத்தில் டேப்பைச் சுற்றி விட்டம் எடுக்க வேண்டும். சட்டம் படிக்க வந்தவருக்கும் பொருளாதாரம் படிக்க வந்தவருக்கும் அதே சேறுதான்.

அப்புறம் அவள் குறி போட்ட இடம். பெரிய ஓக் மரங்கள் எட்ட எட்ட நின்றன, நடுவில் அடிக்கட்டைகள். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது என்னவோ உண்மை. "கீழே பாருங்க" என்றாள். முழங்கால் உயரத்துக்கு ஓக் கன்றுகள், நூற்றுக்கணக்கில். அடர்ந்த நிழலில் ஓக் கன்று முளைக்கும், சில வருடத்தில் செத்துவிடும். எல்லாவற்றையும் மொட்டையடித்தால் பிர்ச் முந்திக்கொண்டு மூடிவிடும். அதனால் விதை தரவும் அரைநிழல் தரவும் பெரிய மரங்களை விட்டுவிட்டு மற்றதை எடுக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று கோடைக்கால மாணவர் குழு காரணத்தோடு எழுதித் தர வேண்டும். பேராசிரியர் மரம் மரமாக நின்று "இதை ஏன் விட்டாய்?" என்று குடைவாராம். மரத்தை வாங்குபவர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார், பாவனை எல்லாம் கிடையாது. அக்கம்பக்கத்தில் சொந்தக் காடு வைத்திருப்பவர்களுக்குத் திட்டம் எழுதித் தருவதும் இவர்கள் பாடத்தில் சேர்த்தி.

இந்தக் காட்டைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்ட மார்க் ஆஷ்டன், இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் நெடுநாள் ஆய்வு செய்தவர். அங்கே விளிம்பில் நட்டிருந்த பைன் தோப்புகளில் வரிசை வரிசையாகப் பைனை எடுத்து, கிடைத்த வெளிச்சத்தில் மழைக்காட்டு மரங்களை வளர்த்துப் பார்த்தார்கள், வளர்ந்தன. இதைக் கேட்ட பிறகுதான் அந்த அடிக்கட்டைகளை என்னால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஆனாலும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று யாராவது கோடரியைத் தூக்கினால் நான் ஒப்ப மாட்டேன். இங்கே குறி போடுவதற்கு முன்னால் நடக்கும் அளவெடுப்பும் விவாதமும் முக்கியம், அது இல்லாத இடத்தில் வெட்டு வெறும் வெட்டுதான்.

திரும்பும்போது காரில் வேலையைப் பற்றிப் பேச்சு. ஆலோசனை நிறுவனங்கள் நல்ல சம்பளம் தருகின்றன, காட்டு வேலையில் அது கிடையாது, கல்விக் கடனோ தலைக்கு மேல். "நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்றாள். அம்மாவிடம் கேட்டுக்கொள் என்று நழுவிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து நியூ ஹேவனுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். காட்டுக்குக் கார் வேண்டும். நிப்மக் நடைபாதை அதன் வழியாகத்தான் போகிறது, நடக்கலாம். வெளிர் நிறத்தில் முழுக்கால் பேன்ட் போட்டு, காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்குப் பெயர் தந்த ஊரே இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, காதுப் பின்புறம் எல்லாம் ஒரு முறை தேடிப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.