அம்மா ஏறினால் நாலு

"ஏன் கண்ணு, உங்கப்பா ஒரு நாளும் என்னை இப்படித் தூக்கிப் போட்டதில்லையே!"

பிப்ரவரி மாதம், கனடாவின் டிமின்ஸ், மைனஸ் 22. ஏரிக்குப் போகும் தடத்தில், பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் பின்சீட்டில் அம்மா. பனி மேடு ஒன்றில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் 'டொம்' என்று அடித்தது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். காவேரிப்பட்டணத்திலிருந்து இத்தனை தூரம் வந்தவள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல் ராத்திரி வரை உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

அப்பா பைக்கில் மாங்காய் கிரேட் கட்டும் நாளில் கொக்கி ஸ்பேனரால் ஷாக்கப்சரை இரண்டு படி ஏற்றுவார். மண்டியில் இறக்கியதும் அங்கேயே உட்கார்ந்து தளர்த்துவார். அம்மா ஏறினால் ஒரு படி. "ஒரே வண்டிதான், ஆனா ஏர்ற ஆளு ஒண்ணில்ல" என்பார். அதைப் பார்த்து வளர்ந்த நான், இந்தப் பழைய ஸ்னோமொபைலை வாங்கி இரண்டு வருஷமாகியும் முன்னவர் வைத்த படியிலேயே ஓட்டியிருக்கிறேன். அவர் தனியாக ஓட்டினவர்.

இங்கே எனக்கு ஆறு பனிக்காலம் முடிந்துவிட்டது. மைனஸ் 10 என்றால் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துவிடுகிறேன், ஊர் பழகிவிட்டது. ஆனால் கராஜில் வண்டியைக் கிளப்பினால் வரும் டூ ஸ்ட்ரோக் புகை, ஓசூரில் செய்த எங்கள் பழைய டிவிஎஸ் 50-இன் புகையேதான். அந்த வாசனைக்கு நடுவே நின்றால் நான் எங்கே இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் பிடிபடாது.

மறுநாள் காலை தரையில் அட்டை விரித்துப் படுத்தேன். வண்டியை உந்தும் ரப்பர் பட்டையான ட்ராக்குக்கு உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முறுக்கு ஸ்பிரிங். அதன் நீண்ட கால், பக்கத்துக்குப் பக்கம் உயரம் மாறும் கட்டையான ஒரு கேம் மேல் உட்கார்ந்திருக்கும். கேமைத் திருப்பினால் படி ஏறும், பாரம் ஏறும் முன்பே ஸ்பிரிங்கில் இருக்கும் முன்னிறுக்கம் கூடும். ஸ்பிரிங் அதனால் கெட்டியாகிவிடாது. பாரம் ஏறியும் பின்பக்கம் அமுங்கிப் போகாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில்தான் எல்லாம் இருக்கிறது. பின்பக்கம் அமுங்கினால் மேட்டில் அடிக்கும். முன்னால் சறுக்குப் பலகைகளான ஸ்கீக்களின் மேல் பாரம் குறைந்து ஹேண்டில் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். ஹெட்லைட் தடத்தை விட்டு மரத்து உச்சியைக் காட்டும். முதல் நாள் மூன்றும் நடந்தது. சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு இறங்கலாம் என்று கட்டிவைக்கும் வாரான லிமிட்டர் ஸ்ட்ராப்பைக் குறுக்கினாலும் ஸ்கீ மேல் பாரம் கூடும்தான். ஆனால் நோவு பின்னால் இருக்கையில் முன்னால் பற்றுப் போட்டு என்ன பயன்?

அளவு எடுக்க மூன்று பேர் வேண்டும். பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும் உயரத்தில் தரையிலிருந்து ஓர் அளவு. பிறகு ஓட்டப் போகும் அதே உடுப்பு, ஹெல்மெட்டோடு இருவரும் ஏறி உட்கார்ந்து ஓர் அளவு. வித்தியாசம் 50 முதல் 75 மி.மீ. என்கிறது என் வண்டிக் கையேடு. மனைவி டேப் பிடித்தாள். 120 வந்தது.

"என்னம்மா, ரேஷன் கடையில எடை போடறாப்பல!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அம்மா சிரித்தாள்.

இரண்டு பக்கமும் ஒரே படியில்தான் வைக்கவேண்டும். மூன்றாம் படியில் 95. நாலில் 70. மூன்று தடவை ஏறி இறங்கியும் அம்மா சலித்துக்கொள்ளவில்லை. நடுவே, இந்த வண்டியை யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். கியூபெக்கின் வால்கூர் ஊர் பொம்பார்டியர், 1934 பனிக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் தன் இரண்டு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்ததைச் சொன்னேன். 1937-இல் பனியில் ஓடும் ட்ராக்குக்குக் காப்புரிமை வாங்கினார், 1959-இல் ஸ்கீ-டூ என்ற அவருடைய ஸ்னோமொபைல் வந்தது. அந்த வருஷக் கணக்கெல்லாம் அம்மா காதில் ஏறவில்லை. "பென்னாகரம் பக்கம் மலையில இருந்து தூளி கட்டித் தூக்கியாருவாங்களே, அந்த மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல். அம்மாவுக்கு இன்னமும் எல்லாம் ஒரே தர்மபுரி ஜில்லாதான்.

சாயங்காலம் அதே மேடு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒருமுறை பதிந்து எழுந்தது, சத்தமில்லை. என் இடுப்பை இறுக்கியிருந்த கை தளர்ந்து, அதில் ஒன்று என் தோளுக்கு மேல் நீண்டது. ஏரி நடுவில், ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களின் பலகைக் குடிசைகள்.

"நம்ம மாந்தோப்புக் காவக் குடிசையாட்டமே இருக்கு. இங்க எதுக்குடா காவலு?"