சைக்கிள் ட்யூபும் 320 வோல்ட்டும்

ஜூன் 10, 2025, செவ்வாய். பல்லடம்

சர்வீஸ் ஆட்களோடு நாலு ஊர் போய்வா என்றார் மேனேஜர். மறுக்க நல்ல காரணம் எதுவும் சிக்கவில்லை, கிளம்பிவிட்டேன். போர்வெல் மோட்டார் டிசைன் செய்கிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வது. கொஞ்ச வருஷமாகச் செய்வதெல்லாம் எக்செல்லில் எஃபிஷியன்சி கர்வை இப்படியும் அப்படியும் நகர்த்துவதுதான். அரை சதவீதம் கூடினால் மீட்டிங்கில் கைதட்டுவார்கள். வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடத் தோன்றாது.

டீலர் கடையில் டீ வந்தது. புது மாடலின் ஸ்டார் ரேட்டிங்கை எடுத்ததுமே அவர் நிறுத்திவிட்டார். "விவசாயத்துக்கு கரண்ட் ஃப்ரீங்க சார். ஸ்டாரை யாருங்க பாக்கறாங்க? மேல ஏத்தாம எத்தனை வருஷம் ஓடும்னுதான் கேக்கறாங்க."

1990-லிருந்து இலவசம், எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் கெட்டுப்போன மோட்டாரைப் போருக்குள்ளிருந்து வெளியே எடுக்க ஆகும் 'மேலே ஏற்றும் செலவு' என்று நாங்கள் போடும் கணக்கு எதிலும் ஒரு வரி கிடையாது.

ஜூன் 11, புதன். பாலக்கோடு பக்கம்

தக்காளித் தோட்டம். ஆயிரம் அடி போர், தொள்ளாயிரம் அடியில் எங்கள் மோட்டார். காயில் போய்விட்டது. 20 அடி ஜிஐ பைப், ஆக 45 பைப். ஒவ்வொன்றாக வின்ச்சில் தூக்கி, கிளாம்ப் போட்டு, கழற்றி, வரப்போரம் அடுக்குகிறார்கள். செடியெல்லாம் பூ வைத்திருக்கிறது. தோட்டத்து அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னைக்குத் தண்ணி வந்துடுமா தம்பி?" காயில் கட்டி வர நாளை சாயங்காலம் ஆகும் என்று மெக்கானிக்தான் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை.

மோட்டார் மேலே வந்ததும் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். பம்பின் உடம்போடு ஒட்டிப் போகும் கேபிளுக்கு மேலே ஒரு தகரக் கார்டு, அதாவது கேபிளைக் காக்கும் மூடி, உண்டு, நாங்கள் கொடுப்பது. அதன் விளிம்புக்குக் கீழே சைக்கிள் ட்யூபை வெட்டி மடித்து வைத்திருந்தார். "உங்க மோட்டார் எது வந்தாலும் ட்யூப் வச்சுதான் சார் இறக்குவேன். இல்லன்னா தகரம் கேபிளை அறுத்துடும்." விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்பு நன்றாகவே கீறுகிறது. இந்தக் கார்டின் டிசைன் படத்துக்கு எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்!

அவரே ஸ்டார்ட்டர் பெட்டியையும் திறந்து காட்டினார். வோல்ட் மீட்டரில் 320. லைனின் கடைசியில் இருக்கும் தோட்டம், பக்கத்து மோட்டார்கள் ஓடும்போது இப்படித்தானாம். நாங்கள் டெஸ்ட் செய்வது 415-இல். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 320 என்றால் பத்தில் ஆறு பங்குதான் மிஞ்சும், ஆம்பியர் ஏறும், காயில் சூடாகும்.

லாட்ஜில் ஒரே கொசு. எப்படியும் தூக்கம் வரவில்லை. சாப்பாட்டு பில்லின் பின்பக்கம் கார்டின் விளிம்பை உள்பக்கமாக மடித்து வரைந்து பார்த்தேன். ஒருமுறை இல்லை, பில் தீரும் வரை.

ஜூன் 12, வியாழன். அதே தோட்டம்

காலையில் தருமபுரியில் ஒரு டீலர் வாரண்டி பற்றி மூச்சுவிடாமல் திட்டினார். அது இருக்கட்டும்.

சாயங்காலம் மோட்டார் வந்தது. இறக்குமுன் உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றி, ஆட்டி, குமிழி நிற்கும் வரை மெக்கானிக் காத்திருந்தார். எங்கள் மேனுவலில் ஒரே வரியில் போகும் வேலை இது. இருட்டியபின் சுவிட்ச் போட்டார்கள். முதலில் செம்மண் கலங்கல், அப்புறம் தெளிந்தது. அந்த அம்மா பைப் வாயில் கையை வைத்துப் பார்த்து, "முன்ன மாதிரிதான் விழுது" என்றார். ஃப்ளோ மீட்டர் எடுத்து வந்திருந்தேன், பையை விட்டு எடுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள். கோவை

மோட்டாரை ஓட்டிச் சோதிக்கும் மேடையான டெஸ்ட் பெட்டில் 320 வோல்ட் வைத்து ஓட்டச் சொன்னேன். "ஸ்டாண்டர்டுல அப்படி இல்லையே சார்" என்றார் டெஸ்டர். பாலக்கோட்டில் அப்படித்தான் இருக்கிறது, போடுங்க என்றேன். பெட்டை விட்டு நகராமல் ஆம்பியரையும் காயில் சூட்டையும் நானே நோட்டில் எழுதினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் மதியச் சாப்பாடு மறந்துபோனது.

மடித்த கார்டு படத்தை பர்ச்சேஸுக்கு அனுப்பினேன். பீஸுக்கு எவ்வளவு கூடும் என்று உடனே போன். நாளைக்குச் சொல்கிறேன், அதற்குள் வேண்டாம் என்று மட்டும் முடிவு பண்ணிவிடாதீர்கள் என்றேன். மேனேஜரிடம் அடுத்து கிருஷ்ணகிரி பக்கம் யார் போகிறார்கள் என்று கேட்டேன். முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்.