வத்தலும் துத்தநாகமும்

எங்கள் ஊர் ஆத்தூர் பக்கம். எங்கு பார்த்தாலும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி)க் காடு, நடுநடுவே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை. எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் ஸ்டார்ச் ஃபிலிம், அதாவது பிளாஸ்டிக் கவருக்குப் பதிலாகக் கிழங்கு மாவில் செய்யும் மக்கக்கூடிய மெல்லிய ஏடு என்று முடிவானதும் மாவுக்கு அலையவில்லை. அப்பா ஒரு கிலோ வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டார்.

செய்முறையைக் கேட்ட அம்மா, "வத்தல் ஊத்தவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?" என்றாள். அதே வேலைதான். 5 கிராம் மாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, 85 டிகிரி வரை கிளறிக்கொண்டே இருந்தால் பால் மாதிரி இருந்தது கண்ணாடிக் கூழாகிவிடும். தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தால் ஃபிலிம். வத்தல் நொறுங்கினால் நல்லது, கவர் மடங்க வேண்டும். அதற்குத்தான் ஒன்றரை கிராம் கிளிசரால். அதையும் கூட்டிவிட்டால் மழைநாளில் கையில் பிசுபிசுவென்று ஒட்டும்.

இங்கேதான் நானோ துத்தநாக ஆக்சைடு, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய துகள்களாலான வெள்ளைத் தூள், வருகிறது. ஸ்டார்ச் இழைகளுக்கு நடுவே இந்தத் துகள்கள் பரவி நின்றால் நீராவி நேராகப் போக முடியாமல் சுற்றிக்கொண்டு போகும், ஃபிலிமும் இறுகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பாக்டீரியாவையும் அடக்கும்.

பரவி நின்றால்! முதல் தடவை தூளை அப்படியே சூடான கூழில் கொட்டிவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஏடு முழுக்க வெள்ளைப் புள்ளி, உப்புமாவில் ரவை கட்டிதட்டிய மாதிரி. இரண்டு விரலால் இழுத்தேன், புள்ளி இருந்த இடமாகப் பார்த்துக் கிழிந்தது. டப்பாவில் நானோமீட்டர் கணக்கு, என் தட்டில் கண்ணுக்குத் தெரிகிற கட்டி. அப்புறம் தூளைத் தனியாகத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் சோனிகேட்டரில் (ஒலி அலையால் கட்டியை உடைக்கும் கருவி) வைத்து, அதே தண்ணீரில் மாவைக் கரைத்தேன். மாவின் எடையில் 1, 3, 5 சதவீதம் என்று மூன்று தட்டு. 3 நன்றாக வந்தது. 5 மங்கலாகி, பழையபடி சுலபமாகக் கிழிந்தது.

சரி, இதில் தயிர்சாதம் கட்டலாமா? முடியாது. ஈரம் பட்டால் இப்போதும் கொழகொழத்துப் போகிறது. பிஸ்கட், பருப்பு மாதிரி உலர்ந்த சாமானுக்குச் சரிவரலாம். துத்தநாகம் உணவில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் சோதிக்க வேண்டும், அது அடுத்த செமஸ்டர் தலைவலி.

பொங்கல் லீவில் அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பூச்சி புடிக்காம இருக்க மருந்து போட்டிருக்கேங்கற. அப்புறம் மண்ணுல எப்படி மக்கும்?" என்றார். கைடுகூடக் கேட்காத கேள்வி. நெல்லுக்கு அடியுரமாகத் துத்தநாக சல்பேட் போடுகிறோமே என்றேன். "அது அளவா போடறது" என்று முடித்துவிட்டார்.

துத்தநாகம் போட்டது ஒன்று, போடாதது ஒன்று, இரண்டு துண்டையும் கிணற்றடிக் காட்டில் புதைத்து விளக்குமாற்றுக் குச்சி நட்டுவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து அப்பா தோண்டிப் பார்த்தாராம். போடாத துண்டைக் காணோம். போட்டதில் உள்ளங்கை அகலம் மிச்சம் இருக்கிறது. திரும்ப மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எனக்குப் போன் செய்தார்.