அங்கே இப்போது மணி என்ன

அக்டோபர் 26, ஞாயிறு

ஜெர்மனியில், மகள் இருக்கும் பிரேமன் நகரில், இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். நேற்று வரை மூன்றரை மணி நேர வித்தியாசம். இனி மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை. அவள் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் இங்கே விளக்கு வைத்து முடித்திருப்பேன். ஆனால் கூப்பிடக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை போதும், அடிக்கடி பேசினால் பிள்ளை தங்கியிருக்கிற வீட்டோடு ஒட்டாது என்று, அவளை அனுப்பிய மாணவர் பரிமாற்ற அமைப்பில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். ஒட்ட வேண்டும்தான். அதற்குத்தானே அனுப்பினோம்.

அக்டோபர் 29

போன் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பேசினோம். முகம் வெளுத்த மாதிரி இருந்தது. வெளிச்சம் அப்படியோ என்னவோ. ராத்திரிக்கு அந்த வீட்டில் பெரும்பாலும் அடுப்பே பற்ற வைப்பதில்லையாம். ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், அவ்வளவுதான். அதைக்கூட விட்டுவிடலாம். ஜன்னல்தான் மனதை அரிக்கிறது. தினமும் காலையில் அந்த வீட்டு அம்மா வந்து அவள் அறை ஜன்னலை அகலத் திறந்துவிடுகிறாராம். பிரேமன் குளிரில்! குளிர் புகாமல் இறுக்கி அடைத்துக் கட்டிய வீடுகளாம். மூச்சின் ஈரம் வெளியே போகாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடுமாம். காரணம் புரிகிறது. ஆனால் சின்ன வயதிலிருந்து இழுப்பு இருக்கிற பிள்ளை. எத்தனை ராத்திரி நெஞ்சோடு சாய்த்து உட்கார வைத்து விடிய விடிய முழித்திருக்கிறேன். அந்தம்மாவுக்கு இதெல்லாம் யார் சொல்வது? படிவத்தில் 'ஆஸ்துமா உண்டு' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நவம்பர் 5

அப்பத்தாவிடம் ஜன்னல் கதையைச் சொன்னேன். வளவில், வீட்டின் நடுமுற்றத்தில், தூணோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "காத்து வரட்டும்னுதானத்தா நாமளும் வளவைத் திறந்து போட்டுக் கட்டியிருக்கு. அந்தம்மா சரியாத்தான் செய்யுது" என்றார்.

அப்புறம் அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, கதை. மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். ஒரு தடவை போனால் ஒரு கணக்கு, மூன்று வருசம். அவர் கப்பல் ஏறிய பிறகு பிறந்தவர் அப்பத்தா. நன்றாகப் பேச வந்த பிறகுதான் அப்பச்சி முகத்தையே பார்த்தாராம். "எங்க ஆத்தா கடுதாசிக்குக் காத்துக் கெடந்ததைப் பார்த்தா, நீ இந்தப் போனைப் பார்க்கிறது ஒண்ணுமில்ல."

இருக்கலாம். ஆனால் அவர்கள் போய் இறங்கிய கிட்டங்கியில், தொழிலுக்கான தங்குமிடத்தில், எல்லாரும் நம் ஆட்கள். சமையலுக்கும் நம் ஊர் ஆள். என் பிள்ளை முன்பின் தெரியாத வீட்டில் தன்னந்தனியாக இருக்கிறாள். இதை அப்பத்தாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 12

பார்சல் போட்டாயிற்று. நெய் உருண்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நெய், வெண்ணெய் மாதிரிப் பால் பொருட்கள் தபாலில் ஐரோப்பாவுக்குள் போகாதாம். தேன்குழலுக்கு மாவு பிசையும்போதே வெண்ணெய் போட்டிருந்தேன், அதையும் எடுத்து வைத்துவிட்டு வந்தேன். போனது சீப்புச் சீடையும் பருப்புப்பொடியும்தான். அடியில் ஒரு கோடி (புது) வேட்டித் துண்டு. பிள்ளையார் நோன்புக்கு நூல் இழை எடுக்க.

நவம்பர் 22

அவளுக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை ராத்திரியே வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது இன்று. அந்த வீட்டார் அங்குள்ள ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, அவர் இங்குள்ள அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் எனக்குச் சொல்ல இவ்வளவு நேரம். இதுதான் முறையாம். பெற்றவளுக்குக் கடைசியில் சொல்வது என்ன முறை? போனிலேயே கேட்டேன். "பதற்றப்படுவீர்கள் என்றுதான்" என்றார் அந்தப் பெண். பதறத்தான் செய்வேன். அது என் உரிமை.

நவம்பர் 23, ஞாயிறு

பேசினாள். குரல் கம்மியிருக்கிறது, ஆனால் இழுப்பு வரவில்லை. இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்ததாம். காய்ச்சல் ஏறியபோது அந்தம்மா கெண்டைக்காலில் ஈரத்துணி சுற்றி, காய்ந்ததும் மாற்றி மாற்றி வைத்தாராம். "தூங்கலம்மா அவங்க. நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருந்தாங்க." நாம் நெற்றியில் போடுகிற துணியை அங்கே காலில் சுற்றுகிறார்கள்.

காசு வாங்காமல் அடுத்தவர் பிள்ளையைப் பத்து மாதம் வைத்துக்கொள்கிறவர்கள். அவர் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் போல இருக்கிறது. அந்த நாற்காலியில் நான் இருந்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ராத்திரி முழுக்க இரண்டும் மாறி மாறி.

நவம்பர் 24

காய்ச்சல் இல்லை. ஜன்னலை இன்றும் திறந்தார்களாம்.

டிசம்பர் 4

நேற்று கார்த்திகை தீபம். இன்றிலிருந்து கோடி வேட்டியில் நாளுக்கு ஒரு இழை. அவளும் எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துப் படம் அனுப்பியிருக்கிறாள். ஒற்றை நூல், சரியாகத் தெரியக்கூட இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

டிசம்பர் 6

அங்கே இன்று நிக்கோலஸ் திருநாள். பிள்ளைகள் முந்தின ராத்திரி ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தால் காலையில் ஆரஞ்சும் கொட்டைகளும் சாக்லேட்டும் நிரம்பியிருக்கும். அவளுடையதையும் அந்த வீட்டுப் பையனுடையதற்குப் பக்கத்தில் வைத்து நிரப்பியிருக்கிறார் அந்தம்மா. ஒரே அளவு ஆரஞ்சு இரண்டிலும். அதைத்தான் முதலில் பார்த்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலை எட்டரைக்குத்தான் அங்கே விடிகிறது, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பேச்சிலும் அந்தச் சோர்வு தெரிந்தது. பாதியிலேயே தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டாள். அங்கே மணி மூன்றுகூட ஆகவில்லை.

டிசம்பர் 25

பிள்ளையார் நோன்பு. இந்த வருசம் கிறிஸ்துமஸ் அன்றே வந்திருக்கிறது. சேர்த்து வைத்த நூல்களைத் திரித்து, மாவில் நட்டு, பற்றவைத்துச் சுடரோடு விழுங்குவதுதான் இழை எடுத்துக்கொள்வது.

ஒரு வாரமாக எனக்கு இருந்த கவலை, அங்கே அவளுக்கு இழையை யார் கொடுப்பது என்பது. வீட்டில் மூத்தவர் கையால் வாங்க வேண்டும். என் வீட்டுக்காரர், "போனில் நான் காட்டுகிறேன், அவளே எடுத்துக்கட்டும்" என்றார். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த வீட்டுல மூத்தது யாரு? அவங்க கையால வாங்கட்டும்."

விழாவுக்காக அந்த வீட்டுப் பாட்டி வந்திருக்கிறார். அங்கே 24ஆம் தேதி மாலைதான் பரிசு கொடுப்பதெல்லாம், 25ம் 26ம் விடுமுறை, எல்லாரும் வீட்டில். அறையில் புகை பட்டால் அலாரம் அலறுமாம், அதனால் அடுப்படியில் வைத்துக்கொண்டார்கள். இங்கே ஏழரை, அங்கே மூன்று. ஆவாரம்பூ இல்லை, பொரி இல்லை. மேசையில் ஒரு சின்ன மஞ்சள்பிள்ளையார். கடையில் கிடைத்த அரிசி மாவு, நான் பெட்டியில் வைத்துவிட்ட வெல்லம், அங்கத்து வெண்ணெயை உருக்கிய நெய். பிசைந்து, நுனி கூம்பாகப் பிடித்து, திரித்த இழையை நட்டுவைத்திருந்தாள். மாவு தளர்ந்துபோய் ஒரு பக்கம் சாய்ந்தது. பாட்டி விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டே பற்றவைத்தார். சுடரோடு பேத்தி வயதுப் பிள்ளையின் வாய்க்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை, அவளைப் பார்க்கிறார், அந்தம்மாவைப் பார்க்கிறார். "ஒண்ணும் செய்யாது, குடுக்கச் சொல்லுத்தா" என்று அப்பத்தா இங்கிருந்து கத்துகிறார். கொடுத்தார். பையன் கைதட்டினான்.

இவள் வயிற்றில் இருந்த வருசம் எனக்கு இரண்டு இழை கொடுத்தார்கள். ஒன்று எனக்கு, ஒன்று இவளுக்கு. அன்று எனக்கும் இவளுக்கும் சேர்த்து நான்தான் விழுங்கினேன்.

டிசம்பர் 26

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 4, ஞாயிறு

பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். அறுவை சிகிச்சை முடிந்து இனி மகள் வீட்டில்தான் இருக்கப்போகிறார். அவருக்கு அறை வேண்டும். இவள் பிப்ரவரியிலிருந்து வேறு வீடு.

அவள் அழவில்லை. பின்னாலிருந்து அந்தம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜனவரி 7

எனக்கு ஏன் இப்படி இருக்கிறது? அக்டோபரில் யாராவது வீட்டை மாற்றித்தருகிறேன் என்றிருந்தால் சரி என்றிருப்பேன். இப்போது அந்தம்மாவை விட்டு அவள் போகக் கூடாது என்று இருக்கிறது. இழுப்பு வந்தால் எப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதுவரை அவருக்கு இப்போது தெரியும். பாட்டிக்காகக் குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

புது வீட்டின் விவரம் வந்தது. அம்மா, அப்பா, இரண்டு பெண்கள், இரண்டு பூனை. படிவத்தில் ஆஸ்துமா என்று அத்தனை தெளிவாக இருக்கிறது. பூனை முடி ஆகாதே! மின்னஞ்சல் எழுதிவிட்டேன். அந்தம்மாவுக்கும் தனியாக ஒன்று எழுதினேன், அவர் சொன்னால் கேட்பார்கள். நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் முதல் போன் என்னுடையதுதான். பொங்கல் வேலை எதையும் இன்னும் தொடவில்லை.